வெயில் கால விடுமுறையில் சின்னப் பிள்ளைகளோடு மட்டக்களப்பில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் பதினான்கு வருடமாகப் படிப்பிக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் வாசலில் நின்று ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஓகஸ்ட் வந்தால் திரும்பவும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வட்ஸ்அப்பில் பதில் எழுதியதை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இரண்டு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

லீவு மூன்று தரம் வருது. எந்த லீவில வெளியில கொண்டு போறது நல்லம் டீச்சர்?

வழக்கமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் அரச பாடசாலைகளுக்கு விடுமுறை. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பு மாதத்தை ஒட்டி மாறும். டிசம்பர் நமக்கு மாரி. வெள்ளமும் சேறும் கொந்தளிக்கும் கடலும்தான் இருக்கும். ஆகவே வெளியே போகிறதென்றால் ஏப்ரலும் ஓகஸ்டும்தான்.

சித்திரை தொடங்கி புரட்டாதி வரை நமது கிழக்குக் கடல் அநேகமாக அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும். பகலில் அது அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி இருக்கும், உதடு வெடிக்கும், வாசலெல்லாம் புழுதி. ஏப்ரலில் புழுக்கம், ஓகஸ்டில் வறண்ட காற்று. இரண்டுக்கும் ஆயத்தம் கொஞ்சம் வித்தியாசம்.

எங்க கூட்டிக்கொண்டு போற? ஒவ்வொரு நாளும் புது இடம் தேட ஏலாது.

தேடவே வேண்டாம். நான் எல்லா அம்மாமாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: சின்னப் பிள்ளைக்கு ஐந்து இடத்தை ஒரு தரம் காட்டுவதைவிட ஒரே இடத்துக்கு ஐந்து தரம் கூட்டிப்போவது மேல். முதல் நாள் பிள்ளை உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டாம் நாள் மண்ணில் கை வைக்கும். மூன்றாம் நாள்தான் விளையாட்டுத் தொடங்கும். நான்காம் நாள் "நேற்று இருந்த நண்டு எங்கே?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்த நாளில்தான் அந்த இடம் பிள்ளைக்குச் சொந்தமாகிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு வாவிக்கரையில் காந்தி பூங்கா இருக்கிறது. பாலமீன்மடுவில் 1913 இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. 28 மீற்றர் உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கவே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஐந்து வயதைத் தாண்டியவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போகலாம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை அது. பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம், பீரங்கியைத் தொட்டுப் பார்த்தால் போதும். கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்த ஓட்டமும் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயல், கோயில் முன்றல், ஒரு பெரிய மரநிழல் என்று உங்களிடம் இருப்பது நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காதது.

எத்தனை மணிக்குப் போகலாம்? எங்கட வீட்ட எல்லாரும் வெளிக்கிடவே பத்து மணியாகும்.

பத்து மணிக்கு வெளிக்கிடுவதென்றால் போகாமல் இருப்பதே நல்லது. காலை ஆறு முதல் எட்டரை வரை, பின்னேரம் நாலரை முதல் இருட்டும்வரை. இந்த இரண்டு நேரம்தான் சின்னப் பிள்ளைகளுக்கு. நடுவில் இருக்கிற எட்டு மணித்தியாலம் வீட்டுக்கும் நிழலுக்கும் உரியது (அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பது பின்னால் வருகிறது).

காலையில் சோறு கறி கட்டிக்கொண்டு போக நினைப்பதால்தான் பிந்துகிறது. தண்ணீர்ப் போத்தல், நான்கு வாழைப்பழம், துண்டுப் பாண், மாற்று உடுப்பு. அவ்வளவையும் முதல் நாள் இரவே பையில் போட்டு வாசலில் வையுங்கள். எட்டரைக்குத் திரும்பி வந்து வீட்டில் சாப்பிடலாம். ஒன்றரை மணித்தியாலம் நன்றாக விளையாடிய பிள்ளை அன்று மத்தியானம் சண்டை இல்லாமல் தூங்கும்.

பாசிக்குடா சின்னப் பிள்ளைக்குப் பயமில்லையா? எத்தனை வயதிலிருந்து இறக்கலாம்?

நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். நமது மாவட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கடலில் இறக்குவதென்றால் என் முதல் தெரிவு அதுதான். குடாவுக்குள் கன தூரம் நடந்து போனாலும் ஆழம் குறைவு. அமைதியான மாதங்களில் அலை கணுக்காலைத் தடவிப்போகிற அளவில்தான் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையைக் கரையோரத்தில் உட்கார வைக்கலாம். ஆனால் உங்கள் கை எட்டுகிற தூரத்தில். ஆழமில்லாத இடம் என்ற நம்பிக்கையில்தான் பெரியவர்கள் கதைத்துக்கொண்டு திரும்பி நிற்பார்கள். ஒரு பிள்ளை முழங்காலளவு தண்ணீரில் சத்தமில்லாமல் தாழ்ந்துவிடும், கத்தவே மாட்டாது. "இப்போது நீ பார், பத்து நிமிடத்துக்குப் பிறகு நான் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்லி முறை மாறுங்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொன்று, காற்றடைத்த மிதவைகள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. அதனால் கடல் குளம் மாதிரித் தட்டையாக, ஒரு ஆபத்தும் இல்லாத மாதிரித் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஓகஸ்டில் என் தங்கையின் மகனை வாத்து மிதவையில் இருத்தி விளையாடிக்கொண்டிருந்தோம். சீனி கலந்த தேத்தண்ணி ஒரு வாய் குடிக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்க வாத்து முப்பது அடி தள்ளிப் போய்விட்டது. அவன் சிரித்துக்கொண்டு கை காட்டுகிறான். என் மச்சான் நீந்திப் போய்ப் பிடித்தார். அவர் கிட்டப்போகப் போக அது விலகிப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை. கச்சான் மாதங்களில் மிதவையைக் கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கொண்டுபோனால் மணலில் வைத்துத் தண்ணீர் நிரப்பி விளையாடட்டும்.

கல்லடிக் கடல் எங்களுக்கு நடக்கிற தூரம். அங்கயே குளிக்கலாமே?

குளிக்க வேண்டாம். பாசிக்குடா ஒரு குடா, கல்லடி திறந்த கடல். கரை சட்டென்று இறங்கும், அலை உடைந்து திரும்பும்போது காலடி மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். பெரியவர் நிற்கும் இடத்தில் பிள்ளை நிற்க முடியாது. முகத்துவாரத்துக்குக் கிட்டவும் வேண்டாம். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும் காலத்தில் அங்கே இழுவை கடுமை.

ஆனால் கல்லடிக் கரையில் நனையாமல் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஈர மணலில் சிரட்டைப் புட்டு அவிக்கலாம், சிப்பி பொறுக்கலாம், பட்டம் விடலாம், வலை இழுப்பவர்களைப் பார்க்கலாம். பறுவ நாளில் பின்னேரம் ஆறு மணிக்குப் போய் கடலைப் பார்த்து இருங்கள். பின்னால் வாவிப் பக்கம் சூரியன் விழ, முன்னால் கடலிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் நிலா எழும்பும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று நம் முன்னோர் ஏன் பெயர் வைத்தார்கள் என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்க வேறு பாடம் தேவையில்லை. விரலை நீட்டி "எழுவான்", திரும்பி நின்று "படுவான்". என் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆடுவார்கள். நான் "எழுவான்!" என்று சொன்னால் எல்லாரும் கடல் பக்கம் ஓட வேண்டும்.

மீன் பாடுறது உண்மையா டீச்சர்? பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கு, கொண்டு போய் ஏமாற்ற விருப்பமில்லை.

நமது வாவியில் இரவில் கேட்கும் அந்தச் சத்தம் உண்மை. மீனா, ஊரியா, சிப்பியா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. 1848 செப்டெம்பரில் இங்கு வந்த எமர்சன் தென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இரவில் படகில் போய் அதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வு மாதிரி இருந்தது என்கிறார். நம் ஊருக்கு மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஏமாற்றம் வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. போவதற்கு முதல் நாள், மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். உங்கள் விரலை நனைத்து விளிம்பில் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுங்கள். முதலில் கீச்சென்று சறுக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு நீண்ட ஒலி எழும்பும். பிள்ளையின் கண் விரிவதைப் பாருங்கள். தண்ணீரைக் கூட்டினால் ஒலி தாழும், குறைத்தால் உயரும். இதை அரை மணித்தியாலம் விளையாடிய பிள்ளை, மறுநாள் பாலத்தில் ஒன்றும் கேட்காவிட்டாலும் காது கொடுத்து நிற்கும்.

போக வேண்டிய நேரம் மழை இல்லாத மாதங்களில் காற்று அடங்கிய பறுவ இரவு, இடம் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தடி. 2013 இல் புதிய பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில்தான் போகின்றன. ஆனாலும் வாகனச் சத்தம் இருக்கும், பிந்தப் பிந்த நல்லது. தோணியில் போய் சவளை, அதாவது துடுப்பை, தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பதுதான் பழைய முறை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை இரவில் தோணியில் ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன். பெரிய பிள்ளை என்றால் உயிர்காப்பு அங்கி போட்டு ஏற்றுங்கள். அது இல்லாத தோணி என்றால் பாலத்தில் நின்றே கேளுங்கள்.

எங்களிட்ட காசு இல்ல. வான் பிடிச்சுப் போற குடும்பங்களைப் பார்த்து பிள்ளை கேக்குது.

இதைக் கேட்கும் தாய்மாரின் முகம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லும் இரண்டு பயணங்களுக்கு வான் வேண்டாம்.

முதலாவது, பாதை. வெளியூரார் இதை வீதி என்று நினைப்பார்கள். நமக்குப் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையில் 2014 இல் பாலம் வந்ததும் அங்கே பாதை நின்றுவிட்டது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் சனம் பாதையில் கடந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பக்கத்தில் எந்தத் துறையில் பாதை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, கோழிக்கூடு, வெற்றிலை போட்ட ஆச்சி எல்லாம் ஒன்றாக மிதந்து போகிற ஒரு வாகனத்தில் ஏறுவது பிள்ளைக்குக் கப்பல் பயணம். போய் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, அடுத்த பாதையில் திரும்பி வந்தால் போதும். ஓரத்துக் கம்பிக்கு இடையில் இடைவெளி பெரிது, கையை விடாதீர்கள்.

இரண்டாவது, ரெயில். மட்டக்களப்பில் ஏறி ஏறாவூர் கடந்து கல்குடாவில் இறங்கினால் கடற்கரைக்கு ஓட்டோவில் கொஞ்சத் தூரம். திரும்ப வாழைச்சேனைக்கு வந்து பஸ் எடுக்கலாம். ரெயில்கள் குறைவு என்பதால் முதல் நாளே நிலையத்தில் நேரம் கேட்டுவிடுங்கள். பிள்ளைக்குக் கடலைவிட ரெயில்தான் பெரிதாகப் போகும், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

மத்தியானம் வீட்டுக்குள்ள வெச்சு என்ன செய்யிற? பத்து மணிக்கே சுவரில ஏறத் தொடங்குதுகள்.

தண்ணீரும் மண்ணும் ஓலையும் இருந்தால் சமாளிக்கலாம். மரநிழலில் ஒரு பேசினில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சிரட்டை, கரண்டி, வடி, பழைய தயிர்ச் சட்டி எல்லாம் கொடுங்கள். ஊற்றி ஊற்றி ஒரு மணித்தியாலம் போகும். நீங்கள் பக்கத்தில் கதிரை போட்டு மரக்கறி வெட்டலாம், ஆனால் எழும்பி உள்ளே போவதென்றால் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். முடிந்தவுடன் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள், வாளியையும்தான். தவழ்கிற பிள்ளை ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக விழுந்தால் தானாக எழும்பமுடியாது. கட்டுத் தாழ்ந்த கிணறு இருந்தால் விடுமுறை தொடங்கமுதல் மூடி போடுங்கள்.

தென்னோலைக் காற்றாடி எங்கள் அம்மம்மா எனக்குக் காட்டித்தந்தது. பச்சை ஓலையில் ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் ஒரு சாண் நீளமாக இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றை நடுவில் மடியுங்கள், மற்றதையும் மடியுங்கள். முதலாவதின் மடிப்புக்குள் இரண்டாவதைக் குறுக்கே கோத்து மெதுவாக இழுத்தால் நடுவில் ஒரு சின்ன முடிச்சும் நான்கு பக்கம் நான்கு இதழும் வரும். முடிச்சின் நடுவே ஈர்க்கைச் செலுத்தினால் காற்றாடி தயார். முதல் தரம் சரிவராது, மூன்றாம் தரம் வரும். கச்சான் வீசும் வாசலில் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஓடவே தேவையில்லை, அது பறக்கிற மாதிரிச் சுற்றும்.

ஐந்து வயதுக்கு மேல், கல்லை எறிந்து பிடிக்கும் கொக்கான், புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடம் கொட்டையைக் கொடுக்கவே வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போகும். சித்திரை விடுமுறையில் இருப்பவர்கள் மாமரத்தில் ஒரு ஊஞ்சல் கட்டுங்கள், பெரியவர்கள் ஒருமுறை தொங்கிப் பார்த்த பிறகு பிள்ளை ஏறட்டும். தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கும் போர்த்தேங்காய் அடிப்பதைப் பார்க்கலாம், தள்ளி நின்று. காத்தான்குடிப் பக்கம் போகிற வேலை இருந்தால் அங்குள்ள பூர்வீக நூதனசாலை மத்தியான வெயிலுக்கு நல்ல நிழல். பொது நூலகத்தின் சிறுவர் பகுதியும் அப்படியே.

போன் குடுத்தா மட்டும்தான் அமைதி. லீவில கொஞ்சம் குடுத்தா பிழையா?

கொஞ்சம் கொடுப்பதில் பிழையில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். மேலே என்றால் ஒரு நேரத்தை வையுங்கள். நான் சொல்வது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம், நீங்களும் பக்கத்தில் இருந்து. காலை எழும்பியவுடனும் படுக்கப்போகும்போதும் சோறு தீத்தும்போதும் கொடுத்தால்தான் பிறகு கஷ்டம். பேசின் விளையாட்டு முடிந்த நேரத்தில் பிள்ளை போனைக் கேட்பது குறைவு. அதை நீங்களே கவனிப்பீர்கள்.

என்ன குடிக்கக் குடுக்கலாம்? ஐஸ்பழக்காரன் மணி அடிச்சா நிக்குதில்ல.

தண்ணீர், இளநீர், உப்புப் போட்ட மோர். நமது ஊர் எருமைத் தயிர் இருக்க வேறு எதைத் தேடுவது? இரண்டு கரண்டி தயிர், ஒரு கிளாஸ் கொதித்தாறிய தண்ணீர், உப்பு, சின்ன வெங்காயம். காரம் வேண்டாம். பிள்ளை தாகம் என்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். விளையாட்டின் நடுவில் நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள். வத்தகப்பழம், வெள்ளரிப்பழம், மாம்பழம் எல்லாம் இந்தக் காலத்துக்கென்றே வருகின்றன. வீதியில் வெட்டி வைத்ததை வாங்காமல் முழுப்பழமாக வாங்குங்கள். ஐஸ்பழம் வீட்டிலேயே செய்யலாம்: தோடம்பழச் சாற்றைச் சின்னக் கிளாசில் ஊற்றிக் கரண்டி ஒன்றைச் செருகி உறையவிடுங்கள். மணி அடிக்கும்போது கையில் ஒன்று இருந்தால் வாசலுக்கு ஓடமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் வேண்டாம். அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள்.

வாந்தி வயிற்றோட்டம் வந்தால், நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரையுங்கள். பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான், மிச்சத்தை மறுநாள் கொட்டிவிடுங்கள். சிறுநீர் குறைந்து மஞ்சளானால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், விளையாடுகிற பிள்ளை துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸுக்குக் காசில்லை.

கைக்குழந்தையும் இருக்கு, அஞ்சு வயசும் இருக்கு. ஆளுக்கொரு பக்கம் இழுத்தா என்ன செய்யிற?

இரண்டு பேரையும் ஒரே இடத்தில் திருப்திப்படுத்த முயலாதீர்கள். கிழமையில் ஒரு காலை மூத்தது அப்பாவோடு, அல்லது மாமாவோடு, தனியாகப் போகட்டும். தம்பி தங்கை பிறந்த பிறகு தனக்கு மட்டும் என்று ஒரு காலை கிடைப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். எங்கே போனது என்பது பிறகு மறந்துபோகும், அப்பாவின் சைக்கிள் முன்பாரில் இருந்து போனது மறக்காது.

யானை காட்டச் சொல்லிக் கேக்குது. குளத்துப் பக்கம், காட்டுப் பக்கம் போகலாமா?

மூன்று வயதுக்கு மேல் போகலாம். உன்னிச்சைக் குளத்துக் கட்டு ஒரு பின்னேரத்துக்கு நல்ல இடம். காற்று வாங்கலாம், கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம். குளங்களிலும் வாவியிலும் முதலை உண்டு. குளக்கட்டின் மேல் நின்று பார்ப்பதோடு சரி, காலை நனைக்க வேண்டாம். படுவான்கரைப் பக்கம் இருட்டினால் யானை வீதிக்கே வரும். ஐந்தரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். அப்படி வருகிற யானை பிள்ளைக்குக் காட்டுகிற யானை இல்லை.

யானையை ஒழுங்காகப் பார்க்க அம்பாறைக்குப் போங்கள். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம், அதைச் சுற்றி 1954 இல் அறிவித்த கல்லோயா தேசிய பூங்கா. படகில் போய்ப் பார்க்கிற பூங்கா அது. தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதைக் காண வாய்ப்பு இருக்கிறது. தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் படகில் இரண்டு மூன்று மணித்தியாலம் அடங்கி இருக்க வேண்டும், அதனால் ஐந்து வயதுக்குப் பிறகுதான். பறவைகளுக்குப் பேர்போன கூமுனை (குமண) தேசிய பூங்கா இன்னும் தூரம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளை வாகனத்திலேயே வாடிவிடும், பொத்துவில் பக்கம் உறவுக்காரர் இருந்தால் இரவு தங்குங்கள்.

வைகாசிச் சடங்குக்குக் கொண்டு போகலாமா? சனமும் சத்தமும் எண்டு மாமி வேண்டாம் எண்டுறா.

மாமி சொல்வதில் பாதி சரி. கண்ணகி அம்மன் கோயில்களில் வருடத்துக்கு ஒருமுறை கதவு திறந்து நடக்கும் சடங்கு, கடைசியில் அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்தி. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று எங்கும் இரவு முழுக்கச் சனம். குளிர்த்தி இரவில் மூன்று வயதுப் பிள்ளை நசுங்கிப் போகும். அதற்குப் பதிலாகச் சடங்கு நாட்களில் ஒரு பகல் பொழுதில் கூட்டிப்போங்கள். பந்தலில் வேப்பிலை கட்டுவது, பொங்கலுக்கு அரிசி இடிப்பது எல்லாம் கண்முன்னே நடக்கும். எங்காவது சிறு பையன்கள் கோலடித்து ஆடும் வசந்தன் இருந்தால் தவறவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தடியைக் கொடுத்தால் அடுத்த ஒரு கிழமைக்கு வேறு விளையாட்டுத் தேவையில்லை.

சட்டைப் பையில் உங்கள் போன் இலக்கம் எழுதிய துண்டை வையுங்கள். மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் இதே பதில்.

கனடாவில இருந்து அண்ணாட பிள்ளைகள் வருதுகள். தமிழும் குறைவு, வெயிலும் பழக்கமில்ல. எப்படிச் சமாளிக்கிற?

முதல் மூன்று நாள் எங்கும் கொண்டுபோக வேண்டாம். நேர வித்தியாசத்தில் விடிய மூன்று மணிக்கே எழும்பி இருப்பார்கள். அதை நல்லதுக்குப் பாவித்து, ஐந்தரைக்குக் கடற்கரையில் சூரியன் எழும்புவதைக் காட்டுங்கள். வெயிலில் பழகாத தோல் அரை மணித்தியாலத்தில் சிவந்துவிடும், தொப்பியும் கை மூடிய பருத்திச் சட்டையும் போடுங்கள். நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவார்கள், நகத்தை வெட்டிவிடுங்கள்.

தமிழுக்காகப் பயப்படவேண்டாம். "தமிழில் சொல்லு பார்ப்போம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வாயை அடைத்துவிடாமல், உங்கள் பிள்ளையோடு பேசினில் தண்ணீர் ஊற்ற விடுங்கள். "ஊத்து", "தா", "எனக்கு", "போதும்" எல்லாம் முதல் நாளே வந்துவிடும். கச்சான் என்று காற்றையும் சொல்கிறோம், தின்கிற கடலையையும் சொல்கிறோம் என்று ஒரு குழந்தைக்குச் சொன்னேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவள் காற்றடிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து நிற்பதாக அவளின் அம்மா அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது.

காலையும் பின்னேரமும்தான் நுளம்பு கடிக்கிற நேரம். நீங்க அந்த நேரத்தில போகச் சொல்றீங்களே?

சரியான கேள்வி. டெங்கு நுளம்பு அதிகம் கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாயும்போதும்தான். அதற்காக உச்சி வெயிலில் போக முடியாது. காற்றுள்ள திறந்த கடற்கரையில் நுளம்பு குறைவு, பற்றையும் தேங்கிய நீரும் உள்ள இடத்தில் அதிகம். ஆகவே இடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். வெளிர் நிற நீளக் காற்சட்டை போடுங்கள். விளையாடிய சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு மழை பெய்தால் அதுவே நுளம்புத் தொட்டில். காய்ச்சல் வந்தால் பிள்ளையின் எடைக்கு ஏற்ற பனடோலைத் தவிர வேறு மருந்தை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

டீச்சர், எனக்குக் கடலெண்டாலே பயம். சுனாமியில எங்கட வீட்ட இழப்பு. பிள்ளை கடலுக்குக் கேக்குது, நான் என்ன செய்ய?

இதை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாய் மெதுவாகக் கேட்பார். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு நானும் ஆறு வருடம் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றதைப் பார்த்தாலே கால் கூசும். அதனால் "பயப்படாதே" என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும் என்று இல்லை. சித்தியோ மாமாவோ கூட்டிப்போகட்டும். மனம் வந்தால் நீங்கள் வீதியோரத்தில், தென்னையடியில் நில்லுங்கள். அடுத்த முறை பத்து அடி கிட்ட. பிள்ளை "அம்மா ஏன் வரவில்லை?" என்று கேட்டால் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: "ஒரு நாள் கடல் பெரிதாக வந்தது, எங்கள் அம்மம்மா போய்விட்டா, அதனால் எனக்கு இன்னும் கவலை." நான்கு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். மறைத்தால்தான் பயம் இரட்டிப்பாகப் போய்ச் சேரும்.

அறிவையும் கொடுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, எச்சரிக்கை ஒலி கேட்டாலோ, அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கடலை விட்டு விலகி மேட்டுக்கு ஓட வேண்டும். அன்று உள்வாங்கிய கடலைப் பார்க்க ஓடியவர்கள் பலர். எங்கள் முன்பள்ளியில் "எழுவான், படுவான்" விளையாட்டில் மூன்றாவதாக ஒரு சொல் வைத்திருக்கிறோம்: "ஓடு!" அதைச் சொன்னால் எல்லாரும் பொருட்களைப் போட்டுவிட்டு வீதிப் பக்கம் ஓட வேண்டும். சிரித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். ஆனால் கால் பழகிவிடும்.

போறது பிரச்சினையில்ல, திரும்பி வாறதுதான். மண்ணில புரண்டு அழுது மானம் போகுது.

நன்றாக விளையாடியிருக்கிறது என்று அர்த்தம். "சரி, போவம்" என்று சட்டென்று தூக்கினால் எந்தப் பிள்ளையும் அழும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட "பத்து நிமிடம்" என்றால் என்னவென்று தெரியாது. அதனால் எண்ணக்கூடியதைச் சொல்லுங்கள்: "இன்னும் மூன்று சிரட்டைப் புட்டு." அவித்து முடித்ததும் கடைசிப் புட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அலை வந்து அதை எடுக்கும்வரை நின்று பார்க்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். பிறகு நாளைக்கும் வருவோம் என்று சொல்லி, சொன்னபடி நாளைக்கும் கூட்டி வாருங்கள்.